பிலிப்பைன்ஸுக்கு மாற்று வரலாறு எழுதும்போது சறுக்கும் இடங்கள்

பிலிப்பைன்ஸ் இன்னும் பல்லினச் சமூகமாக ஆகியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்பவர்கள், முதல் வேலையாகக் கப்பல் கப்பலாக ஆட்களைக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். ஆள் வரத்துக்கு அங்கே என்றைக்கும் குறைவிருந்ததில்லை. கத்தோலிக்கச் சீனர்களுக்காக, அப்போது நாட்டை ஆண்ட ஸ்பானியர் மணிலாவில் பினோண்டோ என்ற குடியிருப்பை ஏற்படுத்தியது 1594இல். 1603 கலவரத்தில் ஏறத்தாழ 20,000 சீனர்கள் கொல்லப்பட்டார்கள். அப்படியும் சில ஆண்டுகளிலேயே வணிகர்கள் திரும்பி வந்தார்கள்.

வந்தவர்களின் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பதைத்தான் பலர் யோசிப்பதில்லை. வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். உள்ளூர்ப் பெண்களை மணந்தார்கள். பிள்ளைகள் மெஸ்திசோ எனப்பட்ட கலப்பினத்தவர் ஆனார்கள், அடுத்தடுத்த தலைமுறைகள் பிலிப்பினோ ஆயின. நாட்டின் தேசிய வீரரான ஹோசே ரிசாலின் தந்தைவழி மூதாதையே ஒரு சீனர். ஆகவே வரவை இரட்டிப்பாக்கினாலும் கலப்புதான் கூடும், தனிச் சமூகங்கள் நிலைக்காது. அவை நிலைக்க வேண்டுமானால் பெண்களும் குடும்பமாக வந்தார்கள் என்று கதையை மாற்ற வேண்டும்.

நம்மவர்களுக்கென்று ஒரு தனி ஆசை உண்டு. 1762இல் மதராஸிலிருந்து போன பிரிட்டிஷ் படை மணிலாவைப் பிடித்தது. அதிலிருந்த சிப்பாய்கள் சிலர் மணிலாவுக்கு அருகிலுள்ள கைந்தா என்ற ஊரில் தங்கிவிட்டார்கள். நம் கற்பனையில் உடனே அங்கே ஒரு முருகன் கோயில் எழும்பிவிடும்! உண்மையில் அந்தச் சிப்பாய்களின் வழிவந்தவர்களோ உள்ளூர் மக்களோடு கலந்து, அவர்களின் மொழியான தகாலோக் பேசுகிறவர்களாகிவிட்டார்கள்.

தெற்கே உள்ள மிண்டனாவோ தீவைக் காலி நிலமாகக் காட்டுவது இன்னும் மோசம். கேசோன் அதிபராக இருந்தபோது 1,200க்கும் மேற்பட்ட யூத அகதிகள் தஞ்சம் பெற்றார்கள். மிண்டனாவோவில் 10,000 பேரைக் குடியேற்றும் திட்டமும் இருந்தது. இரண்டாம் உலகப் போர் அதைத் தடுத்தது. நல்ல திருப்புமுனைதான். ஆனால் அந்த மண்ணில் ஏற்கெனவே மோரோக்கள் என்ற முஸ்லிம் மக்களும் லுமாதுகள் என்ற பழங்குடிகளும் வாழ்ந்தார்கள். அவர்கள் வாய் திறக்காத கதையை யார் நம்புவார்கள்?

போர், புரட்சி, புதிய மன்னர் என்று பெரிய நிகழ்வுகளையே தேடி அலைவது வேறொரு பழக்கம். எனக்குப் பிடித்த இடம் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு. அந்நாட்டு மண்ணில் பிறந்தாலே குடியுரிமை என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 1947இல் நிராகரித்தது. அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: அங்கே பிறந்த சீனப் பிள்ளைகள் குடிமக்களாகவே வளர்ந்திருப்பார்கள். சில்லறை வணிகத்தைக் குடிமக்களுக்கென்று ஒதுக்கிய 1954 சட்டம் அவர்களின் கடைகளைத் தொட்டிருக்காது.