சமதரை மறைக்கும் பிழை: கியர் கார் பழகுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் கார் ஓட்டப் பழகுகிறவருக்கு நிலம் ஒரு சலுகை தருகிறது. அந்தச் சலுகையே பின்னர் அவருக்குக் கேடாகவும் முடிகிறது. ஓமந்தை தொடங்கிப் பரந்தன் வரை ஏ9 வீதியில் மலையேற்றம் என்று சொல்லத்தக்க இடம் எதுவுமில்லை. பழகுவதற்கு நாம் தேர்ந்தெடுக்கும் பள்ளிக்கூட மைதானமும் வயலோரக் கிறவல் பாதையும் தட்டையாகவே இருக்கும். தட்டையான நிலத்தில் கிளச்சை எப்படி விட்டாலும் கார் ஒருவாறு நகர்ந்துவிடும். இரண்டு தடவை குலுங்கி நின்றாலும் மூன்றாம் தடவை ஓடிவிடும். பத்து நாள் இப்படிப் பழகியவர் தமக்குக் கிளச் பிடிபட்டுவிட்டதென்று நம்பிவிடுகிறார். அது பிடிபடவில்லை என்பதை அவருக்கு முதலில் காட்டுவது குளக்கட்டுக்கு ஏறும் பாதையாக இருக்கலாம், தாழ்ந்த ஒழுங்கையிலிருந்து உயர்ந்த பிரதான வீதிக்கு ஏறும் இடமாக இருக்கலாம், எல்லாவற்றிலும் மோசமாகப் புகையிரதக் கடவையாகவும் இருக்கலாம்.

என் மருமகளுக்கு அதைக் காட்டியது கடவைதான். முறிகண்டிக்கும் மாங்குளத்துக்கும் இடையில், கிறவல் பாதையொன்று தண்டவாளத்தைக் கடக்கும் இடம் அது. தண்டவாளம் உயரத்தில் கிடக்க, இருபுறமும் பாதை சரிந்து ஏறுகிறது. மைதானத்தில் செய்தது போலவே அவள் கிளச்சைச் சட்டென்று விட்டாள். முன்சில்லுகள் முதல் தண்டவாளத்தைத் தாண்டிய இடத்தில் எஞ்சின் நின்றுபோனது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, “மாமா, இறங்கட்டோ?” என்று கேட்டாள். இரு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு ரயில் இல்லாதபடியால், “கிளச்சை முழுக்க மிதி பிள்ளை, நியூற்றலுக்கு எடு, பதகளிக்காத” என்றேன். இரண்டாம் முறையும் நின்றது. மூன்றாம் முறை கார் துள்ளிக்கொண்டு மறுபுறம் இறங்கியது. மொத்தத்தில் ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் பிழை விட்டவன் நான்: ஒருநாளாவது ஏற்றத்தில் பழக்காமல் அவளைத் தண்டவாளத்துக்குக் கொண்டுபோனேன், அவள் இறங்கட்டோ என்று கேட்டபோது இறங்கு என்று சொல்லாமலும் விட்டேன்.

கடவையைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. 1990இல் வடக்குக்கான ரயில் நின்றுபோனது. போர்க்காலத்தில் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. 2013 செப்ரெம்பரில்தான் ரயில் மீண்டும் கிளிநொச்சிக்கு வந்தது. 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் வரை ஓடியது. இடைப்பட்ட இருபத்துச் சொச்ச ஆண்டுகளில் வளர்ந்தவர்களுக்குத் தண்டவாளத்தைக் கண்டதும் இரு பக்கமும் பார்க்கும் பழக்கம் சிறுவயதிலேயே ஊறியிருக்க வாய்ப்பில்லை. படலையும் காவலாளியும் இல்லாத கடவைகளில் அந்தப் பழக்கத்தைப் பழக்குகிறவரே ஊட்ட வேண்டும்.

இனிக் கிளச்சுக்கு வருவோம். எஞ்சின் சும்மா நிற்கும்போதும் நிமிடத்துக்கு 700 முதல் 900 சுற்று வரை சுழன்றுகொண்டே இருக்கும். நிற்கும் காரின் சில்லுகளோ சுழல்வதில்லை. சுழலும் ஒன்றையும் சுழலாத ஒன்றையும் முறிவில்லாமல் இணைப்பதுதான் கிளச்சின் வேலை. எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனத்த சக்கரத்தின் மீது, உராய்வுப் பூச்சுள்ள ஒரு தட்டு வில்லின் அழுத்தத்தால் ஒட்டிக்கொண்டிருக்கும். மிதிக்கும்போது அது விலகும், காலை எடுக்கும்போது மீண்டும் ஒட்டும். ஒட்டத் தொடங்கும் இடம் ஒன்று உண்டு. அந்த இடத்தில் தட்டு வழுக்கியபடியே சிறிது சிறிதாகச் சில்லுகளைச் சுழற்றப் பார்க்கும். எஞ்சினின் ஒலி கனத்துத் தாழும், காரின் மூக்கு மெல்ல உயரும், இருக்கையின் கீழ் ஒரு சிறு நடுக்கம் தெரியும். அந்த இடத்தில் காலை ஓரிரு கணம் அசையாமல் வைத்திருக்கத் தெரிந்தவருக்கு எஞ்சின் நின்றுபோவது அரிது. அதைத் தாண்டிக் காலைச் சட்டென்று எடுப்பவருடைய எஞ்சின், அசையாத காரின் முழுப் பாரத்தையும் ஒரே கணத்தில் சுமக்க வேண்டி வந்து மூச்சடைத்து நின்றுவிடும்.

ஆகவே முதலாவது தவறு, காலுக்கு அந்த இடத்தைக் கற்றுக்கொடுக்காமல் அக்சிலேற்றரை நம்புவது. பழக்குகிறவர்களில் பலர் முதல்நாளே “கொஞ்சம் அக்சிலேற்றர் குடு, குடு” என்று தூண்டுகிறார்கள். அப்போது எஞ்சின் நிற்காது, உண்மை. ஆனால் கிளச் எங்கே ஒட்டுகிறது என்பதை அந்த இரைச்சல் முழுவதுமாக மறைத்துவிடும். சமதரையில் அக்சிலேற்றரைத் தொடாமலே, கிளச்சை மட்டும் மெல்ல விட்டுக் காரை நகர்த்திப் பழகுவது நல்லது. பெரும்பாலான சிறிய கார்கள் முதலாம் கியரில் அப்படி நகர்ந்துவிடும். ஒரு பின்னேரம் முழுவதும் இதையே ஐம்பது தடவை செய்தாலும் வீணல்ல. குதி தரையில் ஊன்றியிருக்க, காலின் முன்பகுதியால் கிளச்சை விட்டால் அசைவு அளவாக வரும். முழங்காலோடு சேர்த்துக் காலைத் தூக்குகிறவருக்கு அந்த அளவு கிடைப்பதில்லை. கால் எட்டாவிட்டால் இருக்கையை முன்னே இழுக்க வேண்டும். கிளச்சை அடிமட்டம் வரை மிதித்தபோதும் முழங்கால் சற்று மடிந்திருப்பதே சரியான தூரம்.

அடுத்தது ஏற்றம். வாகனம் போக அனுமதியுள்ள ஒரு குளக்கட்டுக்கு ஏறும் சரிவோ, மதகு ஏற்றமோ இதற்குப் போதும். பாதிச் சரிவில் நிறுத்தி, ஹான்ட்பிறேக்கை இறுக்க இழுத்துவிட்டு, முதலாம் கியரில் கிளச்சை ஒட்டும் இடம் வரை விட வேண்டும். மூக்கு உயர்ந்து பின்பகுதி சற்று அமுங்கும்போது, சிறிது அக்சிலேற்றர் கொடுத்தபடி ஹான்ட்பிறேக்கை இறக்க வேண்டும். இங்கே நேரும் தவறு, மூக்கு உயர முன்னரே ஹான்ட்பிறேக்கை இறக்குவது. கார் பின்னே உருளும், பழகுகிறவர் பதகளித்துக் கிளச்சை விடுவார், எஞ்சின் நிற்கும். பின்னால் லாண்ட்மாஸ்ரர் என்னும் இருசில்லு உழவு இயந்திரத்தில் நெல்மூட்டை ஏற்றிக்கொண்டு ஒருவர் நிற்கும் நாளில் இதைக் கற்றுக்கொள்ளக் கூடாது.

இதற்கு நேரெதிரான தவறு, ஏற்றத்தில் பிறேக்கைப் பிடிக்காமல் பாதிக் கிளச்சிலேயே காரைத் தாங்கி நிறுத்துவது. பார்ப்பதற்குத் திறமை போலத் தோன்றும் இந்தப் பழக்கம் கிளச் தட்டைத் தேய்த்துத் தின்றுவிடும். உழவு இயந்திரம் ஓட்டி வந்தவர்களிடம் இன்னொரு வழக்கமும் உண்டு: ஓடும்போதெல்லாம் இடதுகால் கிளச்சின் மேலேயே தங்கியிருக்கும். காலின் பாரம் மட்டும் போதும், தட்டு முழுமையாக ஒட்டாமல் வழுக்குவதற்கும், அதை விலக்கும் பெயரிங் இடைவிடாமல் சுழன்று தேய்வதற்கும். கியர் மாற்றாத நேரத்தில் இடதுகாலுக்குரிய இடம் கிளச்சுக்கு இடப்புறத் தரைதான். முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கம் மணலில் சில்லுப் புதையும்போது, பாதிக் கிளச்சில் எஞ்சினை உறுமவிட்டு வெளியேற முயல்கிறவர்கள் ஒரு கருகல் மணத்தை உணர்வார்கள். அது கிளச் தட்டு எரிகிற மணம். அந்த இடத்தில் நிறுத்தி, இறங்கி, சில்லுகளுக்கு முன்னால் மணலை அள்ளிவிட்டு, நாலுபேரைத் தள்ளச் சொல்வதே மலிவு.

கியர் மாற்றுவதில் கண் செய்யும் தவறும் கை செய்யும் தவறும் வேறு வேறு. கண் கீழே போய்க் கியர் லீவரைப் பார்ப்பதை எல்லோரும் கண்டிக்கிறார்கள். கையின் தவறைப் பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை. நமது கார்களில் சாரதி வலப்பக்கம் இருப்பதால் கியர் லீவர் இடக்கையில். முதலாம் இரண்டாம் கியர்கள் நமக்கு அப்பால், மூன்றாம் நான்காம் கியர்கள் நடுவில், ஐந்தாம் கியர் நமக்கு அருகில் இருக்கும். நடுவில் தானாகவே வந்து நிற்கும்படி லீவருக்கு வில் இருக்கிறது. லீவரை முட்டியாக இறுக்கிப் பிடித்து, உடலோடு சேர்த்து இழுக்கிறவருடைய கை, இரண்டிலிருந்து மூன்றுக்குப் போக வேண்டியபோது தன் பக்கம் சாய்ந்து ஐந்தில் விழும்; கார் முனகித் திணறும், அவ்வளவுதான். இதைவிடக் கேடானது, ஐந்திலிருந்து நான்குக்கு இறக்கும்போது கை அளவுக்கு மிஞ்சி அப்பால் தள்ளி இரண்டில் விழுத்துவது. மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் இரண்டாம் கியரில் கிளச்சை விட்டால் எஞ்சின் திடீரென்று மிகுந்த வேகத்தில் சுழற்றப்படும். முன்சில்லுகள் கடுமையாகப் பிடிபட்டு, மழை நனைந்த தாரிலும் கிறவலிலும் கார் வழுக்கும். உள்ளங்கையை மட்டும் வைத்து, மூன்றுக்கு நேரே தள்ளினாலும் நான்குக்கு நேரே இழுத்தாலும் வில்லே வழிகாட்டும்.

பிறேக்குக்கு முன்னர் கிளச்சை மிதிப்பது பழகுகிறவர்களிடம் எப்போதும் காணப்படும் தவறு. எஞ்சின் நின்றுவிடுமோ என்ற அச்சத்தில், தூரத்தில் ஒரு மாட்டைக் கண்டவுடனேயே இடதுகால் போய்விடுகிறது. கியரில் இருக்கும் கார், அக்சிலேற்றரை விட்ட மாத்திரத்தில் எஞ்சினாலேயே தடுக்கப்பட்டு வேகம் குறையும். கிளச்சை மிதித்ததும் அந்தத் தடை அறுந்துபோய்க் கார் கட்டற்று உருளும். முதலில் பிறேக், நிற்பதற்குச் சற்று முன்னரே கிளச் என்பதே ஒழுங்கு. மாடு திடீரென்று குறுக்கே பாய்ந்தால் மட்டும் இரண்டையும் ஒன்றாக மிதிக்கலாம். அங்கே எஞ்சின் நின்றாலும் பாதகமில்லை. பெற்றோல் மிச்சம் என்று நியூற்றலில் உருளவிடுகிறவர்களும் இதே தவறைத்தான் செய்கிறார்கள். எரிபொருளைத் தெளிக்கும் இன்றைய எஞ்சின்கள், கியரில் இருந்தபடி அக்சிலேற்றரை விட்டால் பெற்றோலையே நிறுத்திவிடும். நியூற்றலில்தான் அவை சும்மா சுழல்வதற்காகக் குடிக்கின்றன.

அறுவடைக் காலத்தில் வீதியோரம் நெல் காயப்போட்டிருக்கும் இடங்களில் வேகம் குறைய வேண்டும். வேகம் குறைந்தால் கியரும் குறைய வேண்டும். நான்காம் கியரிலேயே ஊர்ந்துவிட்டு மீண்டும் அக்சிலேற்றரை அமுக்குகிறவருடைய எஞ்சின் கனமாக இடிக்கும். அந்த இடியைக் காதால் கேட்டுக் கியரை இறக்கப் பழக வேண்டும். றிவேர்ஸ் கியருக்குக் கார் முற்றாக நின்ற பின்னரே போக வேண்டும், ஏனெனில் பெரும்பாலான கார்களில் மற்றக் கியர்களை இணக்கி இணைக்கும் வளையம் அதற்கு இல்லை. குதியில் வாரில்லாத செருப்பு கழன்று பிறேக்கின் கீழ் சிக்கும். இருக்கைக்குக் கீழே தண்ணீர்ப் போத்தல் உருளவும் இடம் வைக்கக் கூடாது.

மாரியில் பாதையை மூடி நீர் பாயும்போது, பழகுகிறவர் அதற்குள் இறங்கவே கூடாது. 2018 டிசெம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோது நீரின் வலிமையைக் கிளிநொச்சி கண்டிருக்கிறது. கணுக்கால் அளவு தேங்கிய, அடி தெரிந்த நீராயின், முதலாம் கியரில் ஒரே சீராகப் போக வேண்டும். நடு நீரில் கியர் மாற்றக் கூடாது. வெளியேறியதும் பிறேக்கை இலேசாக இரண்டு மூன்று தடவை பிடித்து உலர்த்த வேண்டும்.

கடவைக்கும் அந்த ஒழுங்கே பொருந்தும். தண்டவாளத்துக்கு முன்னர் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, பாட்டை நிறுத்திக் காது கொடுத்து, இரு பக்கமும் பார்த்த பின்னர், மறுபுறத்தில் காருக்கு இடம் இருக்கிறதென்று உறுதி செய்துகொண்டு முதலாம் கியரில் ஏறி, முதலாம் கியரிலேயே இறங்க வேண்டும். தண்டவாளத்தின் மேல் கை கியரைத் தொடக் கூடாது. ஓடும் ரயில் நிற்பதற்குப் பல நூறு மீற்றர் வேண்டும் என்பதால், எஞ்சின் நின்றுபோனால் முதல் வேலை எல்லோரும் இறங்கித் தண்டவாளத்தை விட்டு விலகுவது. ரயில் எங்கும் இல்லையென்பது தெளிவான பின்னரே காரைப் பார்க்க வேண்டும். நியூற்றலில் போட்டு, ஹான்ட்பிறேக்கை இறக்கி, இரண்டு பேர் தள்ளினால் சிறிய கார் நகர்ந்துவிடும்.

மருமகளை அதற்குப் பின்னர் ஒரு மாதம் கடவைப் பக்கம் கொண்டுபோகவில்லை. பின்னேரங்களில் குளக்கட்டுச் சரிவில் நிறுத்தி நிறுத்தி ஏறினாள். பின்சில்லுக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளிக் கல்லொன்றை வைத்திருந்தேன். அந்தக் கல்லில் சில்லு முட்டாமல் தொடர்ந்து பத்துத் தடவை ஏறிய பின்னரே, காவலாளி நிற்கும் ஒரு கடவைக்கு அவளை முதலில் கூட்டிப்போனேன்.