குழப்பம் தரும் ஃப்ரேசல் வெர்புகளைப் பிரித்தறிவது எப்படி?

ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லோடு அப், ஆஃப், இன், அவுட் போன்ற சிறு சொல் சேர்ந்து, அவை தனித்தனியே தராத புதிய பொருளைத் தரும்போது அதனை ஃப்ரேசல் வெர்ப் என்கிறோம். தமிழில் ‘விட்டுக்கொடுத்தார்’ என்றால் எந்தப் பொருளும் கைமாறுவதில்லை. ஆங்கிலச் சேர்க்கைகளையும் அதே புரிதலோடு அணுக வேண்டும். வினைவாரியாக நீண்ட பட்டியலை மனப்பாடம் செய்வதால் குழப்பமே மிஞ்சும் என்பதால், ஒரே சூழலில் வந்து தடுமாற வைக்கும் இணைகளைச் சேர்த்துப் படிப்பதையே நான் வலியுறுத்துவேன்.

அவற்றுள் முதலில் தெளிவாக வேண்டிய இணை, ‘புட் ஆஃப்’, ‘கால் ஆஃப்’. ‘த மீட்டிங் வாஸ் புட் ஆஃப் டில் மண்டே’ என்றால் கூட்டம் திங்கட்கிழமைக்குத் தள்ளிவைக்கப்பட்டது. ‘த மீட்டிங் வாஸ் கால்டு ஆஃப்’ என்றால் அது ரத்தாகிவிட்டது. இரண்டையும் மாற்றி எழுதினால், தயாராக வர வேண்டியவர் வராமலே இருந்துவிடுவார். ‘எந்த நாளுக்கு?’ என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்விக்கு இடமிருந்தால் ‘புட் ஆஃப்’தான் பொருந்தும்.

‘கிவ் அப்’ என்பது ஒரு பழக்கத்தையோ முயற்சியையோ கைவிடுவது. ‘கிவ் இன்’ என்பது பிறருடைய வற்புறுத்தலுக்கு இணங்குவது. ஆகவே புகைப்பதை விட்டவர் ‘கேவ் அப் ஸ்மோக்கிங்’. கோரிக்கைக்குப் பணிந்தவர் ‘கேவ் இன் டு த டிமாண்ட்’.

‘க்ரோ அப்’, ‘ப்ரிங் அப்’ இணை தமிழருக்கு எளிதாகவே இருக்க வேண்டும், ஏனெனில் ‘வளர்ந்தேன்’, ‘வளர்த்தார்’ என்ற தன்வினை, பிறவினை வேறுபாடுதான் இங்கும் உள்ளது. ஆயினும் ‘ஐ க்ரூ அப் மை சில்ட்ரன்’ என்ற பிழை அடிக்கடி காதில் விழுகிறது; ‘ஐ ப்ராட் அப் மை சில்ட்ரன்’ என்பதே சரி.

‘லுக் ஃபார்’ தேடுவது, ‘லுக் ஆஃப்டர்’ பராமரிப்பது, ‘லுக் இன்டு’ விசாரிப்பது.

பொருள் விளங்கிய பின்னும் பலர் சறுக்குவது சொல் வரிசையில்தான். ஒரு வாய்ப்பை மறுத்ததை ‘டர்ன்டு டவுன் தி ஆஃபர்’ என்றும் ‘டர்ன்டு தி ஆஃபர் டவுன்’ என்றும் சொல்லலாம். ஆனால் ‘தி ஆஃபர்’ இருந்த இடத்தில் ‘இட்’ வந்துவிட்டால் அது நடுவில்தான் நிற்க வேண்டும் என்பதால், ‘டர்ன்டு இட் டவுன்’ மட்டுமே சரியாகும். ‘லுக் ஆஃப்டர்’ போன்றவையோ பிரியவே பிரியா. அங்கே ‘லுக் ஆஃப்டர் இட்’ என்றே வரும். கற்போருக்கான நல்ல அகராதிகள் ‘டர்ன் சம்திங் டவுன்’, ‘லுக் ஆஃப்டர் சம்படி’ என்று பதிவதன் மூலம் இந்த இடத்தையும் காட்டிவிடுகின்றன. எனவே குறிப்பேட்டில் பொருளை மட்டும் எழுதிக்கொள்ளாமல், அந்த அமைப்பையும், ‘இட்’ அல்லது ‘தெம்’ இடம்பெறும் ஒரு சொந்த வாக்கியத்தையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆவலோடு எதிர்நோக்குவதைக் குறிக்க, கடிதங்களில் பெரிதும் பயன்படும் ‘லுக் ஃபார்வர்ட் டு’ பற்றி ஒரு சொல்: அதன் பின் வினை வந்தால் ‘மீட்’ அன்று, ‘மீட்டிங்’ என்றே வர வேண்டும்.