முதல் லேப்புக்கு முன்னாடி லேப்டாப்பை ரெடி பண்ணிடுங்க

என் முதல் ப்ரோக்ராமிங் லேப்ல நான் ஒரு வரி கோடு கூட எழுதல. டெர்மினல்ல, அதாவது கமாண்ட் டைப் பண்ற விண்டோல, பைத்தான்னு டைப் பண்ணுவேன், ஏதோ ஆப் ஸ்டோர் திறக்கும், அதை மூடுவேன், திரும்ப டைப் பண்ணுவேன், லேப் டைம் முழுக்க இதுலயே போச்சு. இத்தனைக்கும் முந்தின நாள் ராத்திரியே இன்ஸ்டால் பண்ணிட்டேன், ஒரு டிக் போடத்தான் விட்டுட்டேன்.

முதல்ல கோர்ஸ் பேஜ்ல எந்த லாங்குவேஜ், எந்த வெர்ஷன்னு பாத்துக்கோங்க. புதுசா வந்ததுதான் நல்லதுன்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க, சார் 3.12ன்னு போட்டிருந்தா 3.12தான்.

இப்ப அந்த டிக் கதை. டெர்மினல்ல ஒரு பேரை டைப் பண்ணா கம்ப்யூட்டர் டிஸ்க் முழுக்க தேடாது, அதுகிட்ட ஒரு ஃபோல்டர் லிஸ்ட் இருக்கு, அதுல வரிசையா போய்ப் பாத்து அந்த பேர்ல முதல்ல எது கிடைக்குதோ அதை ஓட்டும், எதுலயும் இல்லன்னா தெரியலன்னு கைய விரிச்சிடும். இந்த லிஸ்ட்டுக்குப் பேருதான் பாத். விண்டோஸ்ல பைத்தான் இன்ஸ்டாலரோட முதல் ஸ்கிரீன்ல கீழ பாத்ல சேக்கவான்னு ஒரு செக்பாக்ஸ் இருந்துச்சுன்னா டிக் போட்டுட்டு அப்புறம் இன்ஸ்டாலை அமுக்குங்க. ரெண்டு பைத்தான் இருந்து தப்பானது ஓடுதுன்னாலும் காரணம் இந்த வரிசைதான்.

இன்ஸ்டால் முடிஞ்சதும் ஏற்கனவே திறந்து வச்சிருந்த டெர்மினல்ல டெஸ்ட் பண்ணாதீங்க, அது திறக்கும்போது இருந்த பழைய லிஸ்ட்டைத்தான் வச்சிருக்கும். புதுசா ஒண்ணு திறந்து பைத்தான், ஒரு ஸ்பேஸ், ரெண்டு ஹைஃபன், ஒட்டி வெர்ஷன்னு இங்கிலீஷ்ல அடிங்க, நம்பர் வந்தா ஓகே. மேக்ல பைத்தான்னா வராது, பைத்தான்3ன்னு அடிச்சுப் பாருங்க.

கோடு எழுதுற எடிட்டருக்கு விஎஸ் கோட் போதும். விஷுவல் ஸ்டூடியோன்னு இன்னொண்ணு இருக்கு, அது வேற, பேரைப் பாத்து ஏமாந்து பல ஜிபி டவுன்லோடு பண்ணிட்டு உக்காராதீங்க. விஎஸ் கோட் வெறும் எடிட்டர்தான், எழுதின கோடை ஓடுற ப்ரோக்ராமா மாத்துற சி கம்பைலரும் உள்ள கிடையாது, பைத்தானும் கிடையாது. அதுல பைத்தான் எக்ஸ்டென்ஷன்னு ஒரு கூடுதல் வசதியைப் போட்டுட்டு, எந்த பைத்தான் ஓடணும்னு கேக்குற செலக்ட் இன்டர்ப்ரெட்டர்ல சரியான வெர்ஷனைக் காட்டிடுங்க.

சி கோர்ஸ்னா மேக்ல கமாண்ட் லைன் டூல்ஸ் இன்ஸ்டால் பண்ணா போதும், ஜிசிசிங்கிற கம்பைலர் பேரை அடிச்சாலும் உள்ள ஓடுறது க்ளாங்ங்கிற இன்னொரு கம்பைலர்தான், ஃபர்ஸ்ட் இயருக்கு அந்த வித்தியாசம் பெருசா இடிக்காது. விண்டோஸ்ல எனக்குப் பிடிச்சது டபிள்யூஎஸ்எல், விண்டோஸுக்குள்ளயே லினக்ஸ் வந்துடும், அதுல ஆப்ட்ங்கிற இன்ஸ்டால் கமாண்ட் வச்சு ஜிசிசி போட்டுக்கலாம். அங்க பாஸ்வேர்டு கேக்கும்போது நீங்க டைப் பண்றது ஸ்கிரீன்ல தெரியாம போகலாம், புள்ளி கூட வராம இருக்கலாம். கீபோர்டு போச்சுன்னு பயப்படாம அடிச்சுட்டு என்டர் தட்டுங்க.

கோடுல பண்ற மாற்றங்களைப் பதிஞ்சு வைக்கிற கிட் போட்டதும் உங்க பேரும் மெயிலும் அதோட செட்டிங்கான கான்ஃபிக்ல கொடுத்துடுங்க, இல்லன்னா முதல் கமிட்லயே, அதாவது முதல் தடவ மாற்றத்தைப் பதியும்போதே, நீ யாருன்னு கேட்டு நின்னுடலாம்.

ஃபோல்டர் விஷயத்துல மட்டும் கொஞ்சம் கறாரா இருங்க. பேர்ல ஸ்பேஸ் வேணாம், சின்ன இங்கிலீஷ் பேரா வைங்க, க்ளவுடோட சிங்க் ஆகுற ஃபோல்டர்க்குள்ள வைக்காதீங்க, கம்பைல் பண்ணிட்டிருக்கும்போது அதுவும் வந்து அதே ஃபைலைப் பிடிச்சு இழுக்கும். விண்டோஸ்ல ஃபைல் எக்ஸ்டென்ஷன், அதாவது ஃபைல் பேரோட கடைசில டாட்டுக்கு அப்புறம் வர்றது, தெரியுற மாதிரி செட்டிங்கை மாத்திடுங்க, நோட்பேட்ல சேவ் பண்ண மெயின் டாட் சி உண்மையில மெயின் டாட் சி டாட் டிஎக்ஸ்டியா இருக்கலாம், கம்பைலர் அப்படி ஒரு ஃபைலே இல்லன்னு சொல்லும், நீங்க கண்ணு முன்னாடி இருக்கேன்னு அதோட சண்ட போட்டுட்டிருப்பீங்க.

பைத்தான்ல லைப்ரரி, அதாவது வேற யாரோ எழுதி வச்ச ரெடிமேட் கோடு, ஏதாவது வேணும்னா கோர்ஸுக்குன்னு தனியா ஒரு வென்வ், அதாவது லைப்ரரிகளைத் தனியா வைக்கிற ஃபோல்டர், உருவாக்கி அதுக்குள்ள பிப்ங்கிற கமாண்ட் வச்சு இன்ஸ்டால் பண்ணுங்க. அடுத்த செமஸ்டர்ல எதாவது உடைஞ்சா அந்த ஒரு ஃபோல்டரை டெலீட் பண்ணிட்டு திரும்ப ஆரம்பிக்கலாம்.

எங்கயாவது மாட்டிக்கிட்டா எரரை ஃபோட்டோ எடுத்து அனுப்பாதீங்க, மேல இருந்து கீழ வரைக்கும் டெக்ஸ்ட்டா காப்பி பண்ணி அனுப்புங்க, பைத்தான்ல பதில் பெரும்பாலும் அந்த கடைசி ரெண்டு வரிலதான் இருக்கும்.

எல்லாம் முடிஞ்சதும் ஹலோன்னு பிரிண்ட் பண்ற ஒரு குட்டி ஃபைல் எழுதி ஓட்டுங்க. அப்புறம் லேப்டாப்பை ரீஸ்டார்ட் பண்ணிட்டு அதையே இன்னொரு தடவ ஓட்டுங்க. அப்பவும் ஹலோ வந்தா பைய எடுத்துட்டு லேப்புக்குக் கிளம்பலாம்.