மலையிலிருந்து ஆய்வேடு எழுதுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

கூடலூரில் வீடு, ஊட்டியில் கல்லூரி, கைடு இருப்பது கோவையில். இப்படி ஆய்வேடு எழுதுபவர்களுக்கு கூகுள் டாக்ஸும், லாடெக் என்ற குறியீட்டு முறையில் நெட்டிலேயே ஆவணம் எழுத உதவும் ஓவர்லீஃபும் பெரிய உதவி. ஆனால் நெட் எப்போதும் இருக்கும் என்று நம்பி உட்காருவதுதான் நம் ஊரில் நடக்கும் முதல் தவறு.

கூடலூர், பந்தலூர் பக்கம் ஆனி, ஆடியிலும், குன்னூர், கோத்தகிரி பக்கம் ஐப்பசி, கார்த்திகையிலும் ஒரு மரம் சாய்ந்தால் போதும். கரண்ட் போகும், பின்னாலேயே டவரும் போகும். கூகுள் டாக்ஸில் ஆஃப்லைன் வசதி இருக்கிறது. அதை நெட் இருக்கும்போதே குரோமில் ஆன் செய்து வைக்க வேண்டும். போன பிறகு தேடிப் பயனில்லை. ஓவர்லீஃபோ இணைப்பு இல்லாமல் எழுத விடாது. அதனால் மழைக்காலத்தில் தினமும் வேலை முடிந்ததும் மொத்த புராஜெக்டையும் ஜிப்பாக இறக்கி வையுங்கள். லேப்டாப்பில் டெக்ஸ் லைவ் (நெட் இல்லாமலே லாடெக் கோப்பை பிடிஎஃப் ஆக்கும் மென்பொருள்) இருந்தால் அதை வைத்தே எழுத்தைத் தொடரலாம். நெட் வந்ததும் அவசரப்பட்டு அந்தக் கோப்பை அப்படியே மேலே ஏற்றிவிடாதீர்கள். இடையில் நண்பர் திருத்திய பத்திகள் உங்கள் பழைய பிரதிக்கு அடியில் போய்விடும். மாற்றிய பத்திகளை மட்டும் ஒட்டுங்கள்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னொரு சிக்கல். ஓவர்லீஃப் வழக்கமாக பிடிஎஃப்லாடெக்கில், அதாவது கோப்பை பிடிஎஃப் ஆக மாற்றும் ஒரு கம்பைலரில் ஓடும்; அதில் தமிழ் வராது. செட்டிங்ஸில் ஸீலாடெக் அல்லது லுவாலாடெக் என்ற கம்பைலருக்கு மாற்றி, ஒரு யூனிகோட் தமிழ் எழுத்துருவைக் குறிப்பிடுங்கள். அப்புறம், பாமினி என்ற, யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் அடித்த பகுதிகளை நேராக ஒட்டக் கூடாது. 'தமிழ்' என்ற சொல்லே ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்று வந்து நிற்கும். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள், பிறகு வரி வரியாகப் படியுங்கள். மேற்கோள் குறிகளும் அடைப்புக்குறிகளும்தான் அதிகம் இடறும் இடங்கள்.

கைடுக்கு முழு எடிட் அனுமதி கொடுப்பதைவிட, கருத்துச் சொல்லும் அனுமதி நல்லது. டாக்ஸில் அதுவே திருத்தங்களைப் பரிந்துரைகளாகக் காட்டும். எந்த வாக்கியம் ஏன் மாறியது என்று வைவாவுக்குத் தயாராகும்போது உங்களுக்கே தெரியும். லிங்க் வைத்திருக்கும் எவரும் திருத்தலாம் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்த லிங்க் வாட்ஸ்அப் குரூப்பில் எங்கெல்லாம் போகும் என்று சொல்ல முடியாது.

கல்லூரி மெயிலில் தொடங்கிய கோப்பா? படிப்பு முடிந்ததும் அந்தக் கணக்கை மூடிவிடக்கூடும். சொந்தக் கணக்கில் ஒரு பிரதியை இப்போதே எடுத்து வையுங்கள்.