பனிச்சறுக்கு ஊரில் பெரிய வீடு வாங்கும் முன்

கொலராடோவின் பிரெக்கன்ரிட்ஜ் போன்ற ஊரில், தாத்தா பாட்டி முதல் பேரப்பிள்ளைகள் வரை எல்லாரும் தங்கப் பெரிய வீடு தேடுகிறீர்களா? கோடையில் மட்டும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். பிப்ரவரியில் ஒருமுறை போய்க் கூரை விளிம்பைப் பாருங்கள். அங்கே தடித்த பனிக்கட்டி வரப்பு போல நின்றால், பெரும்பாலும் வீட்டின் சூடு கூரை வழியே கசிகிறது என்று அர்த்தம். உருகிய நீர் அதன் பின்னால் தேங்கி, கூரைக்கு அடியில் புகுந்து உள்சுவரை நனைத்துவிடும். அப்புறம், கூரைப் பனி சரிந்து விழும் இடத்தில் வாசல் இருக்கவே கூடாது. குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

வீட்டைச் சூடாக்க எவ்வளவு செலவாகிறது என்று தெரிய, குளிர்கால எரிவாயு ரசீதுகளையும் கேட்டு வாங்குங்கள்.

நீங்கள் இல்லாத வாரங்களில் வாடகைக்கு விடலாம் என்ற கணக்கு இருந்தால் கவனம். பிரெக்கன்ரிட்ஜில் குறுகியகால வாடகை உரிமங்களுக்கு மண்டலவாரியாக உச்சவரம்பு உண்டு. விற்பவரிடம் உரிமம் இருந்தாலும் அது வீட்டோடு உங்கள் கைக்கு வராது. நகராட்சியில் கேட்டுவிட்டே விலை பேசுங்கள்.

ஊர் இருப்பது சுமார் 9,600 அடி உயரத்தில். வந்த புதிதில் பெரியவர்களுக்கு மூச்சு வாங்கும். மாடிப்படி ஏறாமல் போகிற மாதிரி ஒரு படுக்கையறையும் குளியலறையும் இருக்கட்டும்.