அண்டா கணக்குக்கு ஜாங்கோவா, ஃப்ளாஸ்க்கா?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் என் அண்ணனுக்கு வாடகைப் பாத்திரக் கடை. அண்டா, ஜமுக்காளம், பெஞ்சு, குத்துவிளக்கு எல்லாம் கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் போய் வரும். கணக்கு முழுக்க ஒரு நீள நோட்டில். முகூர்த்த நாள் முடிந்த மறுநாள், யார் எத்தனை எடுத்தார், எத்தனை திரும்பியது என்று நோட்டைப் புரட்டுவதே பெரிய வேலை. கல்லூரியில் பைதான் படித்த அவர் மகன் போன் செய்தான். "அத்தை, இதை வெப்சைட்டாப் பண்ணப்போறேன். ஜாங்கோவா, ஃப்ளாஸ்க்கா?"

இரண்டும் பைதானில் வெப்சைட் கட்டுவதற்கான கருவிகள். நான் புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கிறேன், எனக்கு வெப்சைட் கட்டுவதுதான் பிழைப்பு. அவனுக்குப் போனில் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். கட்டளைகளும் வாயால் சொன்னபடியே தமிழில் இருக்கும். அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் நோட்டு

ஜாங்கோ, ஃப்ளாஸ்க் இரண்டையும் மூடி வைத்துவிட்டு, நோட்டில் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். தேதி, பெயர், ஊர், பொருள், எண்ணிக்கை, அட்வான்ஸ். ஓரத்தில் அண்ணன் கையெழுத்தில் பொடியாக, "மூடி 1 வரல".

இந்த ஓரக் குறிப்பில்தான் விஷயம் இருக்கிறது. பையன் போட்டிருந்த அட்டவணையில் அண்டா என்று ஒரே ஒரு பத்தி. அண்டா வந்து மூடி வராமல் போனால் அதை எங்கே எழுதுவது? அண்டா ஒரு பொருள், மூடி இன்னொரு பொருள். ஒருவரே ஐந்தாறு பொருள் எடுப்பார் என்பதால் அட்டவணையும் இரண்டு வேண்டும். ஒன்றில் சீட்டு: பெயர், ஊர், தேதி, அட்வான்ஸ். இன்னொன்றில் அந்தச் சீட்டுக்குக் கீழே வரும் பொருள்கள்: எத்தனை போனது, எத்தனை வந்தது. இதைத் தாளில் போட்டு முடியுங்கள். இது தப்பினால் எந்தக் கருவியும் காப்பாற்றாது.

எந்த வழி

பழைய வீடியோக்கள் சிஜிஐ என்று ஆரம்பிக்கும், வெப்சைட்டுக்காக நிரலை ஓட்டும் பழைய முறை அது. அதைத் தாண்டிப் போய்விடுங்கள். அதற்கான பைதான் மாட்யூலையே 2024ல் வந்த 3.13 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். அந்த வீடியோவைப் பார்த்து அடித்தால் முதல் வரியிலேயே பிழை வரும்.

ஃப்ளாஸ்க் 2010ல் வந்தது, சின்னது. தரவுத்தளம், லாகின் எதையும் அது தராது. வேண்டியதை நீங்களே சேர்த்துக்கொள்ள வேண்டும். ஜாங்கோ பிறந்தது அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், லாரன்ஸ் நகரத்துப் பத்திரிகை அலுவலகம் ஒன்றில். 2005ல் பொதுவுக்கு வந்தது. செய்தி ஆசிரியர்கள் அவசரத்தில் உள்ளடக்கம் ஏற்ற வேண்டிய இடம் அல்லவா, அதனால் பதிவு சேர்க்க, திருத்த, அழிக்க ஒரு நிர்வாகப் பக்கம் ஜாங்கோவோடு கூடவே வரும். அட்டவணையை மட்டும் சரியாக எழுதிக் கொடுத்தால் போதும். ஃபாஸ்ட்ஏபிஐ என்றும் ஒன்று உண்டு. மொபைல் ஆப்புக்குத் தரவு கொடுக்க அருமையானது, நமக்கு இப்போது வேண்டாம்.

என் கணிப்பு இதுதான். அடுத்த வாரமே கடையில் ஓட வேண்டும் என்றால் ஜாங்கோ. உள்ளே என்ன நடக்கிறது என்று புரிய வேண்டுமானால் ஃப்ளாஸ்க். பையனுக்கு அவசரம் இல்லை, நோட்டு இருக்கவே இருக்கிறது. ஃப்ளாஸ்க் என்றேன்.

நிறுவுதல்

ஒரு ஃபோல்டர் திறந்து, டெர்மினலில் 'பைதான் ஹைபன் எம் வென்வ் கூடு' என்று அடியுங்கள். 'கூடு' என்பது நான் வைத்த பெயர். இந்தத் திட்டத்துக்கான சாமான்கள் மட்டும் அந்தக் கூட்டுக்குள் இருக்கும். விண்டோஸில் அதற்குள் இருக்கும் ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டரின் ஆக்டிவேட்டை ஓட்டிய பிறகு, 'பிப் இன்ஸ்டால் ஃப்ளாஸ்க்'. பிப் என்பது பைதானுக்கு வேண்டிய சாமான்களை இணையத்தில் இருந்து இறக்கித் தரும் கருவி.

அப்புறம் கோப்புக்குப் பெயர். ஃப்ளாஸ்க் டாட் பிஒய் என்று மட்டும் வைக்காதீர்கள். இவன் வைத்தான். கோப்பை ஓட்டினால், ஃப்ளாஸ்க்கையே இறக்குமதி செய்ய முடியவில்லை என்று பிழை. பைதான் முதலில் தேடுவது அதே ஃபோல்டரில். அங்கே இவன் கோப்பு இருக்க, அது தன்னையே இறக்குமதி செய்யப் பார்த்திருக்கிறது. ராத்திரி பதினொரு மணிக்கு, "அத்தை, பிப் சரியா வேலை செய்யல". பிப் என்ன செய்யும் பாவம். கடை டாட் பிஒய் என்று மாற்றியதும் ஓடியது.

முதல் பக்கம்

ஐந்து வரி. ஃப்ளாஸ்க்கை இறக்குமதி செய்வது ஒன்று, 'ஆப்' என்ற பெயரில் செயலியை உருவாக்குவது இரண்டு, வெறும் ஸ்லாஷ் முகவரிக்கு யார் பதில் சொல்வது என்று ரூட் போடுவது மூன்று, பதில் சொல்லும் ஃபங்ஷன் நான்கு, அது திருப்பித் தரும் வாசகம் ஐந்து. 'ஃப்ளாஸ்க், இரட்டை ஹைபன் ஆப் கடை, ரன், இரட்டை ஹைபன் டீபக்' என்று ஓட்டி, உலாவியில் 127.0.0.1:5000 திறந்தால் வாசகம் தெரியும்.

பைதான் 3ல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். கொண்டுபோனது, திரும்பியது இரண்டுக்கும் முன்பே மதிப்பு கொடுத்திருந்தால், கீழே இருப்பது அப்படியே ஓடும் வரி:

பாக்கி = கொண்டுபோனது - திரும்பியது

எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். ஆனால் விசைப்பலகையை மாற்றி மாற்றி அடிப்பது சலிப்பு. பையன் இரண்டே நாளில் ஆங்கிலத்துக்குப் போய்விட்டான்.

படிவமும் எட்டு அண்டாவும்

பக்கத்துக்கான எச்டிஎம்எல் கோப்புகளை டெம்ப்ளேட்ஸ் என்ற ஃபோல்டரில் வையுங்கள். கடைசி 'ஸ்' விட்டுப்போனால் ஃப்ளாஸ்க்குக் கண் தெரியாது. உலாவி நம் செயலிக்குக் கோரிக்கை அனுப்பும் விதம், காட்டுவதற்கு கெட், சேமிப்பதற்கு போஸ்ட்.

படிவம் தயாரானதும் பையன் சோதனைக்கு நான்கு அண்டா பதிந்தான். பட்டியல் வந்தது. ரெஃப்ரெஷ் செய்தான். உலாவி எதையோ கேட்டது, சரி என்று அழுத்திவிட்டான். அண்டா எட்டாகிவிட்டது. சேமித்த கையோடு அதே பதிலில் பட்டியலைக் காட்டினால் இதுதான் கதி. ரெஃப்ரெஷ் செய்யும்போது உலாவி பழைய போஸ்ட்டையே மறுபடி அனுப்பும். சேமித்து முடித்ததும் ரீடைரக்ட் கொடுத்து உலாவியைப் பட்டியல் பக்கத்துக்கு அனுப்பிவிடுங்கள். அதன்பின் எத்தனை தடவை ரெஃப்ரெஷ் செய்தாலும் நான்கு நான்காகவே இருக்கும்.

தரவுத்தளத்துக்கு எஸ்க்யூலைட் போதும். பைதானோடேயே வருகிறது, எல்லாம் ஒரே கோப்பில் அடங்கும். ஒரு எச்சரிக்கை: படிவத்தில் வந்த பெயரை எஸ்க்யூஎல் (தரவுத்தளத்தோடு பேசும் மொழி) வாக்கியத்துக்குள் ஒட்டாதீர்கள். பெயர் வரும் இடத்தில் கேள்விக்குறி போட்டு, மதிப்பைத் தனியாகக் கொடுங்கள். எங்கள் பக்கம் டி'குரூஸ் மாதிரிப் பெயர்கள் உண்டு. ஒட்டி எழுதியிருந்தால் அந்த ஒற்றை மேற்கோள் குறியிலேயே வாக்கியம் உடையும். வேண்டுமென்றே விஷமம் செய்கிறவன் பதிவுகளைக் குழப்பிவிட்டும் போகலாம்.

கடையில் ஓட்டுவது

டீபக் (பிழை தேடும் வசதி) வைத்து ஓட்டுவது உங்கள் கணினியோடு நிற்கட்டும். பிழை வரும் பக்கத்தில் இருந்தே நிரல் ஓட்ட அது வழி விடும், கடை வைஃபையில் அதற்கு இடம் தரக்கூடாது. கடையில் செயலியை ஓட்டித் தர வெயிட்ரஸ் என்ற சர்வர் உண்டு. விண்டோஸ் கணினி என்றால் 'பிப் இன்ஸ்டால் வெயிட்ரஸ்', பிறகு 'வெயிட்ரஸ் ஹைபன் சர்வ், கடை, கோலன், ஆப்'. அதே வைஃபையில் இருக்கும் போனில் கணினியின் ஐபி முகவரியோடு :8080 சேர்த்தால் பட்டியல் திறக்கும். திறக்காவிட்டால் முதலில் ஃபயர்வாலைப் பாருங்கள். லாகின் போடும்வரை இதை இணையத்தில் ஏற்ற வேண்டாம். நான்கைந்து பேர் ஆளுக்கொரு அனுமதியோடு பதிய வேண்டும் என்ற நிலை வந்தால், அதையெல்லாம் கையால் எழுதாமல் ஜாங்கோவுக்கு மாறிவிடுங்கள். அட்டவணை அதேதான்.

சிக்கிக்கொண்டால் கேளுங்கள், ஆனால் "ஓடல" என்று மட்டும் கேட்காதீர்கள். பிழைச் செய்தியின் கடைசி வரி, பைதான் பதிப்பு, நீங்கள் செய்து பார்த்தது, இந்த மூன்றும் இருந்தால் பாதி பதில் அதிலேயே கிடைக்கும்.

அண்ணன் தினமும் கடை சாத்தும்போது நோட்டைப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போவார். இப்போது கூடவே ஒரு பென் டிரைவும் போகிறது. வெயிட்ரஸை நிறுத்திவிட்டுத்தான் எஸ்க்யூலைட் கோப்பை அதில் நகல் எடுக்க வேண்டும். பதிவு ஏறிக்கொண்டிருக்கும்போது எடுத்தால் நகல் கெட்டுப்போக வாய்ப்புண்டு. கோப்பின் பெயரில் அன்றைய தேதியைச் சேர்த்துவிடுங்கள், நேற்றையதன் மேல் ஏறாது.