சித்திரை வருசத்துக்கு மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் போகிறவர்களுக்கு

முதலில் பஞ்சாங்கம், பிறகுதான் டிக்கெட். வருசம் பிறக்கும் நேரம் ஆண்டுக்கு ஏறக்குறைய 6 மணித்தியாலம் பிந்திக்கொண்டே போய், லீப் வருசத்தில் பழைய இடத்துக்குத் திரும்பும். ஒரு வருசம் நடுச்சாமத்திலும் இன்னொரு வருசம் பட்டப்பகலிலும் மருத்துநீர் (முழுகுமுன் தலையில் தேய்க்கும் மூலிகை நீர்) வைப்பது இதனால்தான். "போன முறை விடியத்தானே பொங்கினோம்" என்ற கணக்கு எடுபடாது. வாக்கியம், திருக்கணிதம் என்று பஞ்சாங்கமும் இரண்டு, நேரமும் இரண்டு. தங்கப்போகும் வீட்டார் எதைப் பிடிக்கிறார்கள் என்று கேட்டுவிடுங்கள். தொலைக்காட்சியில் அறிவிக்கும் சுபநேரங்களில் சிங்களப் புத்தாண்டுக்குரியவையும் வரும். ஹோட்டலில் இருந்துகொண்டு அதை நம்பிப் புறப்பட்டால், நீங்கள் போய்ச் சேரும்போது வீட்டில் பொங்கி, படைத்து, சாப்பிட்டும் முடிந்திருக்கும்.

ஏப்ரல் 10ஆம் திகதிக்குள் ஊரில் நிற்பது நல்லது. அதற்குப் பிறகு கொழும்பிலிருந்து ரயிலிலும் பஸ்ஸிலும் காலூன்ற இடம் கிடையாது. ரயில் மட்டக்களப்போடு சரி; களுவாஞ்சிகுடி, காரைதீவு, திருக்கோவில் போகிறவர்களுக்குக் கல்லடிப் பாலம் தாண்டித் தெருவழிதான். வருசத்தன்று பஸ் மிகக் குறைவு, தமிழ்க் கடைகளும் பூட்டுத்தான். அவசரச் சாமானுக்கு முஸ்லிம் ஊர்களான காத்தான்குடி, ஏறாவூர், சாய்ந்தமருது, அக்கரைப்பற்று இருக்கின்றன. வருச உடுப்பு வாங்கப் பலரும் முதலே போவதும் காத்தான்குடிக்கும் கல்முனைக்கும்தான். உடுப்பின் நிறத்தையும் பஞ்சாங்கம் சொல்லும். முழுதும் அந்த நிறமாக இருக்க வேண்டியதில்லை, கரையில் இருந்தாலே போதும் என்பார்கள்.

மருத்துநீரைக் கோயிலில் ஐயர் காய்ச்சித் தருவார். தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, மஞ்சள், மிளகு, திப்பிலி, சுக்கு, பால், கோசலம், கோமயம், கோரோசனை எல்லாம் அதில் சேரும். செம்பு ஒன்று கொண்டுபோங்கள். வருசம் பிறப்பதற்கு முன் 4 மணித்தியாலமும் பின் 4 மணித்தியாலமும் விஷு புண்ணிய காலம். அதற்குள் வைத்து முழுக வேண்டும். பஞ்சாங்கம் சொல்லும் இரண்டு இலைகளில் ஒன்றைத் தலையிலும் மற்றதைக் காலடியிலும் வைத்து, வீட்டில் மூத்தவர் உச்சியில் தேய்த்துவிடுவார். சவர்க்காரம் போட்டுக் குளித்துவிட்டு வந்து தலையை நீட்டாதீர்கள்: மருத்துநீர் முதல், முழுக்குப் பிறகு. மஞ்சள் கறை பிடிக்கும் என்பதால் பழைய உடுப்போடு நில்லுங்கள். மிச்சத்தை எடுத்துவைக்கவும் வேண்டாம். பால் சேர்ந்தது, சித்திரை வெக்கையில் புளித்துப்போகும்.

பொங்கலை முற்றத்தில் நீங்களே வைப்பதானால், 2 சுண்டு சிவப்புப் பச்சையரிசிக்கு அரைச் சுண்டு வறுத்த பாசிப்பயறு, ஒரு பெரிய தேங்காய், 400 கிராம் சர்க்கரை கணக்கு. தேங்காயின் இரண்டாம் பாலும் தண்ணீருமாகப் பானையை விளிம்புக்கு இரண்டு விரல் கீழே வரை நிரப்புங்கள். குறைத்து வைத்தால் பொங்கி வழியாது. வழிந்ததும் கொஞ்சத்தை முகந்து வைத்துக்கொண்டு அரிசியையும் பயறையும் போட்டு, வற்ற வற்ற அதையே திரும்ப ஊற்றுங்கள். அரிசி நன்றாக வெந்த பிறகுதான் சர்க்கரை. முந்திப் போட்டால் அரிசி விறைத்து நிற்கும், பிறகு எவ்வளவு எரித்தாலும் வேகாது. முதற்பால் கடைசியில், தணலில். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் திரைந்துவிடும்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அதிகம் தடுமாறுவது கைவிசேஷத்தில், அதாவது வருசத்துக்குக் கையில் கொடுக்கும் காசில். அதற்கென்று குறித்த நேரம் உண்டு. அதற்கு முன் காசு கொடுக்கல் வாங்கலைத் தவிர்ப்பது வழக்கம். வாகனக்காரர் கணக்கை முதல் நாளே தீர்த்துவிடுங்கள். புதுத்தாளை ஒரு கிழமை முன்னரே வங்கியில் கேட்டு மாற்றுங்கள். கடைசி இரண்டு நாளில் கிடைக்காது. வெற்றிலையில் வைத்து, மூத்தவர் இளையவருக்குக் கொடுப்பதுதான் முறை. உங்கள் சட்டைப்பை நிறைந்திருந்தாலும் முதலில் பெரியவர்களிடம் வாங்குங்கள், பிறகு கொடுங்கள். பிள்ளைகளுக்கு 100 ரூபாய்த் தாள் போதும். ஒரு பிள்ளைக்கு ஐயாயிரத்தை நீட்டினால், பக்கத்தில் நிற்கும் மாமாவின் 50 ரூபாய் சிறுத்துப்போகும். பெரிய உதவி செய்ய நினைத்தால் வேறொரு நாளில், தனியாக.

போகிற வீட்டில் துடக்கு (பிறப்பு, இறப்புத் தீட்டு) இருக்கிறதா என்று முன்னரே விசாரியுங்கள். துடக்கு வீட்டில் பொங்கலும் இல்லை, கைவிசேஷமும் இல்லை. பலகாரம் கொண்டுபோய்க் கொடுத்து, கொஞ்சம் இருந்து பேசிவிட்டு வரலாம்.

ஊஞ்சல், போர்த்தேங்காய் (தேங்காயால் தேங்காயை அடித்து உடைக்கும் போட்டி), கிளித்தட்டு, முட்டி உடைத்தல், வழுக்கு மரம் எல்லாம் ஒரே நாளில் முடிவதில்லை. விளையாட்டுக் கழகங்கள் அடுத்து வரும் நாட்களிலும் கிழமை முடிவுகளிலும் வைக்கும். 15ஆம் திகதியே புறப்பட்டால் பாதியும் பார்க்க மாட்டீர்கள். போர்த்தேங்காய் பார்க்கப் போனால் பிள்ளைகளை முன்வரிசையில் விடாதீர்கள், சிரட்டைத் துண்டு தெறிக்கும். திரும்பும் டிக்கெட்டை ஊருக்கு வருமுன்னரே போட்டுவைத்துவிடுங்கள். விடுமுறை முடிகிற கையோடு கொழும்புப் பக்கமும் அதே நெரிசல்தான்.